மூண்டு மாசம் ஸ்கூட்டியை விட்டிட்டு பஸ்ஸிலயும் ரயிலிலயும் திரிஞ்சு பாத்தன்: கிளிநொச்சியில இருந்து ஒரு ரிவியூ

நான் வட்டக்கச்சிப் பக்கம் இருக்கிறன். வீட்டில இருந்து கிளிநொச்சி ரவுண் 9 கிலோமீற்றர். வேலை ரவுணில, கிழமையில ஒருக்கா வவுனியாவுக்குப் போகோணும், மாசத்தில ஒருக்கா அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகோணும். இவ்வளவு நாளும் ரவுணுக்கு ஸ்கூட்டி, வவுனியாவுக்கு ஆற்றயும் வாகனம், அம்மாவுக்கு வான் பிடிக்கிறது எண்டுதான் போச்சுது.

2025 பெப்ரவரியில வாகன இறக்குமதியைத் திறந்து விட்டாப் பிறகு எங்கட வீட்டிலயும் கார் கதை தொடங்கிட்டுது. 2020 இல நிப்பாட்டினது, அஞ்சு வருசமா எல்லாரும் காத்துக்கொண்டு இருந்தவை தானே. என்ர மனுசன் ஒரு சின்னக் கார் லீசிங்கில எடுப்பம், அம்மாவுக்கும் சுகம் எண்டார். மாசம் மாசம் கட்ட வேண்டிய காசைக் கூட்டிப் பாத்தா எனக்கு நித்திரை வரேல்ல. கடைசியில ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தம், சித்திரை வருசப் பிறப்பு முடிஞ்ச கையோட மூண்டு மாசம் பஸ்ஸிலயும் ரயிலிலயும் மட்டும் போய்ப் பாப்பம், சரிவராட்டிக் கார் எடுப்பம் எண்டு. அந்த மூண்டு மாசத்தைத்தான் எழுதுறன், கார் எடுக்கிறதோ இல்லையோ எண்டு யோசிக்கிற ஆருக்கும் உதவட்டும்.

முதல்ல ரயில். எங்கட தலைமுறைக்கு ரயில் எண்டுறது சும்மா ஒரு வாகனம் இல்லை. 1956 இல கொழும்பு-யாழ்ப்பாணம் ரயில் யாழ்தேவி ஓடத் தொடங்கினது, 1990 ஆனியோட சண்டையால எல்லாம் நிண்டு போச்சுது, பேந்து தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கிளப்பி பங்கர் அடிச்ச காலம். அம்மா தன்ர கலியாணத்துக்குக் கூறைச்சீலை எடுக்க கிளிநொச்சியில இருந்து ரயிலில போனதைச் சொல்லேக்க நாங்கள் கதை மாதிரித்தான் கேப்பம். நான் முதல் முதல் ரயிலைக் கண்ணால கண்டது 2013 செப்ரெம்பரில, ஓமந்தையில இருந்து கிளிநொச்சி வரைக்கும் திருப்பித் திறந்த நேரம், எனக்கு அப்ப 28 வயசு. அடுத்த வருசம் ஒக்ரோபரில யாழ்ப்பாணம் வரைக்கும் போச்சுது. அதால ரயிலைப் பற்றி எழுதேக்க நான் கொஞ்சம் அதின்ர பக்கம் சாய்வன், அதை இப்பவே சொல்லிப்போடுறன்.

வவுனியாவுக்குப் போறது எழுபது கிலோமீற்றருக்கு மேல. கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 காப்பற் ரோட்டில பஸ்ஸும் கெதியாத்தான் போகும், ஆனா கெதியாப் போறதுதான் எனக்குப் பிரச்சினை. ஒரு நாள் நான் ஏறின ஒரு பிறைவேற் பஸ் கரடிப்போக்குச் சந்தியில ஆள் சேர்க்க எண்டு அப்பிடியே நிண்டது, பின்னால இன்னொரு பஸ் வாறதைக் கண்ட உடன வெளிக்கிட்டு மாங்குளம் மட்டும் ரெண்டு பேரும் மாறி மாறி முந்திக்கொண்டு போனாங்கள், எனக்கு முன்னால நிண்ட பொடியன் பள்ளிக்கூடப் பையோட ஆடி ஆடி என்ர மடியில விழுந்திட்டான். சாரதியை மட்டும் பிழை சொல்லவும் மனம் வரேல்ல, அண்டண்டைக்கு ஏறுற ஆக்களின்ர காசிலதான் அவையின்ர வருமானம், பின்னால வாறவன் முந்தினா அடுத்த சந்தியில நிக்கிற சனம் அவனுக்குத்தான். நேர அட்டவணையை ஒண்டாப் போட்டு ஒழுங்கா நடத்தினா இந்த ஓட்டம் தேவையில்லை.

பஸ்ஸில எனக்குப் பிடிச்சது எண்டா முறிகண்டிதான். எந்தப் பஸ்ஸெண்டாலும் பிள்ளையாரடியில நிக்கும், இறங்கிக் கும்பிட்டுக் கற்பூரம் கொளுத்தி ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறலாம். அந்தக் கொஞ்ச நேரத்தில பஸ்ஸில இருந்த ஆக்கள் எல்லாம் ஆளுக்காள் கதைக்கத் தொடங்கிடுவினம்.

ரயிலில வேற மாதிரி. மூண்டாம் வகுப்புத்தான் எடுக்கிறனான், யன்னல் கரையில இடம் கிடைச்சா அறிவியல்நகர் தாண்டின உடன காடு தொடங்கிடும், மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை எண்டு போகேக்க புத்தகம் வாசிக்கலாம், கணக்குப் பாக்கலாம், ஒண்டும் செய்யாமலும் இருக்கலாம். ஸ்கூட்டி ஓடுற ஆளுக்கு அந்த "ஒண்டும் செய்யாமல்" எவ்வளவு பெரிய விசயம் எண்டு தெரியும். வெயிலில ஹெல்மெற்றுக்குள்ள வேர்த்து, ரோட்டில படுத்திருக்கிற மாட்டைப் பாத்து, பின்னால டிப்பர் ஹோர்ன் அடிக்கப் பயந்து போய் இறங்கேக்க அரை உயிர் போயிடும்.

ஆனா ரயிலுக்கு நான் கூட மார்க் போடுறது அம்மாவாலதான். அம்மாவுக்குச் சலரோகம், முழங்கால் வருத்தமும். சலரோகம் உள்ள ஆக்களோட தூரப் பயணம் போனவைக்குத் தெரியும், முதல் கேள்வி சீற் இருக்கோ எண்டு இல்லை, ரொய்லற் இருக்கோ எண்டுதான். வானில போகேக்க விடியத்தில இருந்து தண்ணி குடிக்காமல் வருவா, நாக்கு வறண்டு தலைச்சுத்தோட கிளினிக்கில போய் இருப்பா. ரயிலில போன முதல் நாளே ஒரு போத்தல் தண்ணியைக் குடிச்சிட்டுத் தான் பாட்டில எழும்பிப் போட்டு வந்தா. ஆனையிறவு தாண்டேக்க ரெண்டு பக்கமும் தண்ணியைப் பாத்துக்கொண்டு பேசாமல் இருந்தா, நானும் ஒண்டும் கேக்கேல்ல. யாழ்ப்பாணம் ஸ்ரேஷனில இருந்து பெரியாஸ்பத்திரி கிட்டத்தான், ஓட்டோவுக்குச் சின்னக் காசு. அதே தூரத்துக்கு வான் பிடிக்கிற காசோட பாத்தா ரெண்டு பேரின்ர ரயில் ரிக்கற் ஒண்டுமே இல்லை.

இனி குறையள். ஒரு நாள் பின்னேரம் நான் வந்த ரயில் நேரம் பிந்தி வந்தது, பிந்தினது பெரிய விசயம் இல்லை, எப்ப வரும் எண்டு சொல்ல ஆள் இல்லாததுதான் கஷ்டம். அதைவிடப் பெரிய குறை ரயிலில இல்லை, ரயிலால இறங்கினாப் பிறகு இருக்கிற அந்த 9 கிலோமீற்றரில.

பின்னேரம் ரயிலால இறங்கி வெளியில வந்தா எங்கட பக்கம் போற ஊர்ப் பஸ் அதுக்கு முதலே போயிட்டுது. கடைசிப் பஸ். ரயில் நேரத்தைப் போட்டவைக்கும் பஸ் நேரத்தைப் போட்டவைக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது போல. முதல் மாசம் மூண்டு தரம் ஓட்டோவில போனன், அந்த 9 கிலோமீற்றருக்குக் குடுத்த காசு வவுனியாவில இருந்து வந்த ரிக்கற்றைவிடக் கன மடங்கு. இந்த இடத்திலதான் சனம் மோட்டச்சைக்கிள் வாங்குது எண்டு எனக்கு விளங்கினது. சனத்துக்கு வாகன ஆசை எண்டு சொல்லுறவை ஒருக்கா இருட்டுப்படுற நேரம் அந்த ஸ்ரேஷன் வாசலில பொம்பிளைப் பிள்ளையா நிண்டு பாக்கோணும்.

என்ர சின்ன வயசில அந்த ரோட்டில பஸ் இப்பத்தையைவிடக் கூட. பிறகு சனம் மோட்டச்சைக்கிள் எடுக்க எடுக்க பஸ்ஸில ஏற ஆள் குறைஞ்சது, ஆள் குறைய ஒரு ஓட்டத்தை நிப்பாட்டினாங்கள், ஓட்டம் நிண்ட உடன மிச்சச் சனமும் லீசிங்கில மோட்டச்சைக்கிள் எடுத்திட்டுது. இப்ப பஸ்ஸுக்கு நிக்கிறது ஆர் எண்டு பாருங்கோ: பள்ளிக்கூடப் பிள்ளையள், வயசு போனவை, சண்டையில கால் போன, கண் போன ஆக்கள், தனிய குடும்பத்தைப் பாக்கிற பொம்பிளையள். வன்னியில இப்பிடியான ஆக்கள் இல்லாத ஒழுங்கை இல்லை. வாகனம் ஓடேலாத சனம் கூட இருக்கிற இடத்தில வாகனம் இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது எண்டு ஊரைக் கட்டிக்கொண்டு போறம்.

ஊர் கட்டுற விதத்தையும் சொல்லத்தான் வேணும். எங்கட பக்கம் குடியேற்றத் திட்டக் காணியள், வாய்க்காலோட நீட்டுக்கு வீடுகள், அது நெல்லுக்காகப் பிரிச்ச காணி, சரி. ஆனா இப்ப ரவுணும் அப்பிடியே இழுபட்டுக்கொண்டு போகுது. பரந்தன் பக்கத்தில இருந்து டிப்போச் சந்தி, 155ம் கட்டை, அறிவியல்நகர் எண்டு ஏ9 கரையில ஒரு கயிறு மாதிரிக் கடையள். ஒரு அலுவல் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில), ஒண்டு சந்தையில, ஒண்டு ஆஸ்பத்திரியில எண்டா நடந்து முடிக்க வெயில் விடாது, நிழலும் இல்லை. ஸ்ரேஷனடியில, பஸ் ஸ்ராண்டடியில காணியள் சும்மா கிடக்க, புது வீடுகளும் புதுக் கடையளும் பஸ் போகாத ரோட்டுகளில எழும்புது.

இது எங்க போய் நிக்கும் எண்டதை என்ர மச்சாள் கனடாவில இருந்து சொல்லுவாள். ஸ்காபரோவில இருந்து வீடு பெரிசு எண்டு மார்க்கம் (Markham) எண்ட நகரத்துக்கு மாறினவை, இப்ப ரெண்டு பேருக்கும் ரெண்டு கார், பால் முடிஞ்சாலும் கார், பிள்ளையை நீச்சலுக்கு விடவும் கார், மாமி பாவம் வீட்டுக்க இருந்து யன்னலால ரோட்டைப் பாக்கிறா, ஊரில எண்டா நான் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போயிருப்பன் எண்டு அழுகிறாவாம். சுவிஸில இருக்கிற என்ர ஒண்டுவிட்ட அண்ணாவுக்கு லைசன்ஸே இல்லை. அங்க 1982 இல இருந்து நாடு முழுக்க ரயிலுகளை ஒரே கணக்கில, மணிக்கு மணி ஒரே நிமிசத்தில வாற மாதிரி ஓட்டுறாங்கள், மலைக்கிராமத்துக்குப் போற மஞ்சள் போஸ்ற் பஸ் அந்த ரயிலுக்கு ஏத்த நேரத்தில ஸ்ரேஷன் வாசலில நிக்கும். புதுசா ரோட்டு ஒண்டும் போடேல்ல தங்கச்சி, மணிக்கூட்டைத்தான் சரிப்படுத்தினவை எண்டார். சுவிஸின்ர காசு எங்களிட்ட இல்லை, ஆனா கிளிநொச்சியில ஒரு பஸ் 20 நிமிசம் பிந்தி வெளிக்கிட சுவிஸ் காசு தேவையில்லை.

எண்ணெயில தொங்கிக்கொண்டு இருக்கிறது எப்பிடி எண்டு வன்னிச் சனத்துக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டினவை நாங்கள். 2022 இல திருப்பியும் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்திச்சுது, ஆனி மாசம் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபா, பிறகு கியூஆர் கோட் காட்டி அளந்து எடுக்கிற பங்கீடு வந்து மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். எனக்கு வேலைக்குப் போய் வரவே கிழமைக்கு 108 கிலோமீற்றர், ரெண்டரை லீற்றருக்கு மேல அதுக்கே போயிடும், மிச்சத்தில வவுனியா போய்ச் சேரேலாது. அந்த நேரம் பஸ்ஸில புட்போட்டில தொங்கிக்கொண்டு போனது முழுக்க மோட்டச்சைக்கிள் வச்சிருந்த ஆக்கள். பெற்றோல் வந்த உடன எல்லாரும் மறந்திட்டம், நானும்தான்.

பொம்பிளையளுக்கு ஒரு விசயம், இதை மறைச்சு ரிவியூ எழுதினா அது பொய். சனம் நெருக்கின பஸ்ஸில கை வைக்கிறவங்கள் இருக்கிறாங்கள். ஐ.நா. சனத்தொகை நிதியத்தின்ர ஆய்வு ஒண்டில இலங்கையில பஸ், ரயிலில போற பொம்பிளையளில 90 வீதமானவை ஒருக்காவெண்டாலும் இதுக்கு முகம் குடுத்திருக்கினம் எண்டு வந்தது. என்ர மூண்டு மாசத்தில ரெண்டு தரம். ஒருக்கா நான் சத்தம் போட்ட உடன கொண்டக்டர் தம்பி பஸ்ஸை நிப்பாட்டி அந்த ஆளை இறக்கி விட்டான், "அக்கா நீங்கள் முன்னுக்கு வாங்கோ" எண்டு இடமும் எடுத்துத் தந்தான். மற்றத் தரம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல. பஸ் கூடினா நெரிசல் குறையும், நெரிசல் குறைஞ்சா இதுவும் குறையும், அதால ஓட்டத்தைக் கூட்டுறது பொம்பிளையளின்ர பாதுகாப்புக் கதையும்தான்.

மார்க் போடச் சொன்னா ரயிலுக்கு பத்துக்கு எட்டு. ஏ9 பஸ்ஸுக்கு ஆறு, எப்ப போனாலும் ஒண்டு இருக்கும் எண்டதுக்கு. ஊர்ப் பஸ்ஸுக்கு காலமையில ஏழு, பின்னேரத்துக்கு ரெண்டு. முல்லைத்தீவு ஆக்கள் இதை வாசிச்சா, உங்களுக்கு ரயிலே இல்லை, மாங்குளத்திலயோ பரந்தனிலயோ இறங்கி இன்னும் அம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடோணும், உங்கட மார்க் வேற மாதிரி வரும் எண்டு தெரியும், நீங்களும் எழுதுங்கோ.

கார் எடுக்கேல்ல. ஆடி முடியேக்க ரெண்டு பேரும் திருப்பிக் கணக்குப் பாத்தம், ஓட்டோக் காசோட சேத்தும் லீசிங் காசில ஒரு சின்னப் பங்குதான் முடிஞ்சிருந்தது. ஆனா ஸ்கூட்டியை விக்கவும் ஏலாது, வவுனியா போற நாளில ஸ்ரேஷனுக்குக் கிட்ட இருக்கிற சித்தி வீட்டில விட்டிட்டுப் போறன், இரவு வந்து எடுத்துக்கொண்டு போறன். சித்தி வீடு இல்லாத ஆள் என்ன செய்யிறது எண்டு எனக்கு வழி தெரியேல்ல.

கடைசிக் கிழமை ஊர்ப் பஸ் ஓட்டுற அண்ணையிட்ட நேரடியாவே கேட்டன், அந்த ரயில் வாற மட்டும் நிக்கேலாதோ எண்டு. "நான் தனிய முடிவெடுக்கேலாது தங்கச்சி, எத்தினை பேர் இறங்கிறவை எண்டு எழுதிக் கொண்டு வாங்கோ, குடுத்துப் பாப்பம்" எண்டார். அடுத்த மூண்டு பயணத்திலயும் ஸ்ரேஷன் வாசலில நிண்டு எண்ணினன்: எங்கட பக்கம் போறவை 14, 9, 17. வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கம் இருந்து அந்த ரயிலில வாற ஆக்கள் ஆரும் இருந்தா பேரைச் சொல்லுங்கோ, கடிதத்தில சேர்க்கிறன்.