மசி 35: மூன்று சிலிண்டரா, நாலு சிலிண்டரா?

போன காலபோக (மாரிகால நெல்) உழவுக்கு முன்பு, வீட்டில் நின்ற நாலு சிலிண்டர் மசி பெர்கியூசன் 35 டிராக்டரை, எங்கள் பேச்சில் மிசினை, கொடுத்துவிட்டு, அதே 35 இல் மூன்று சிலிண்டர் ஒன்றை எடுத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு மிசின்தான். பழைய 35 வாங்கித் திருத்தி ஓட்ட நினைக்கிற பலர் ரயரையும் பெயின்டையும் பார்த்தே விலை பேசிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் எஞ்சின் எது என்று பார்க்காமல் விலை பேசக்கூடாது.

35 டிராக்டர் 1956 இல் இங்கிலாந்தில் கொவென்றி தொழிற்சாலையிலிருந்து வந்தது. டீசல் மிசினுக்கு முதலில் போட்டது ஸ்டாண்டர்ட் கம்பனியின் 23சி என்ற நாலு சிலிண்டர் எஞ்சின், கிட்டத்தட்ட 2.3 லீற்றர். 1959 இன் கடைசியில் அதை விட்டு பெர்கின்ஸ் 3.152 க்கு மாறினார்கள். அது மூன்று சிலிண்டர், 2.5 லீற்றர். 1964 இல் அடுத்த மாடலான 135 வரும்வரை அதுதான் ஓடியது. எது என்று தெரியாவிட்டால், டீசல் பம்பிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நொசில்களுக்குப் போகும் குழாய்களை எண்ணிப் பாருங்கள்.

பின்பக்கம் இரண்டிலும் ஒன்றுதான். முன்னுக்கு 6 கியர், பின்னுக்கு 2, அதே ஹைட்ரோலிக், அதே கலப்பை பூட்டும் கைகள். வயல் தண்ணீர் புகுந்து கியர்ப்பெட்டி ஒயில் வெளுத்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். ஹைட்ரோலிக் பம்பும் அந்த ஒயிலுக்குள்தான் நிற்கிறது. மாற்ற 30 லீற்றர் அளவில் வேண்டும். இழுவையிலும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஒன்பது கொழுக் கலப்பையை இரண்டுமே இழுக்கும்.

நாலு சிலிண்டருக்கு உலகம் முழுக்க இருக்கும் கெட்ட பெயர், குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்பது. சிலிண்டருக்கு ஒன்றாகச் சூடாக்கும் ஹீற்றர் பிளக் வைத்தும் மாரிகாலத்தில் குளிர்நாட்டுக்காரரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் இல்லை. எஞ்சினில் கொம்பிரஷன் (காற்றை இறுக்கும் பலம்) இருக்கும்வரை என்னுடையது சாவி திருப்பியதும் பிடித்தது. ஆகவே அந்தக் குறையை இங்கே பெரிதாகச் சொல்வது நியாயமில்லை.

நம் ஊரில் அந்த எஞ்சினுக்கு எதிரி தண்ணீர்.

23சி இல் இருப்பது ஈர லைனர். பிஸ்டன் ஓடும் அந்த உருளையின் வெளிப்பக்கத்தில் றேடியேற்றர் தண்ணீர் நேரே படும். அடியில் இருக்கும் சீல் ஒன்றுதான் தண்ணீரையும், எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் நிற்கும் ஒயிலையும் பிரித்து வைக்கிறது. நம் நிலமோ முழுக்கச் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக் கறை எஞ்சினுக்குள்ளும் படியும். தென்மராட்சியில் கடல்நீரேரியை அண்டிய கிணறுகளில் உவரும் சேர்ந்துகொள்ளும். நாங்களோ மிசின் சூடேறினால் பக்கத்துக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றிவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறவர்கள்.

ஒருநாள் காலையில் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். பால் விட்ட தேத்தண்ணி நிறம். சம்ப் நட்டைக் கழற்றியதும் ஒயிலுக்கு முன்னால் ஒரு கோப்பையளவு தண்ணீர் வந்தது. லைனரை வெளியே எடுத்தபோது அதன் முதுகில் ஆணியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள், ஒன்று கிட்டத்தட்ட உள்ளே ஊடுருவிவிட்டது. மெக்கானிக் அண்ணை அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் குடிக்காத தண்ணியை மிசினுக்கு ஏன் குடுக்கிறியள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

ஈர லைனரைக் கொட்டிலுக்குள் வைத்தே மாற்றலாம் என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் லைனர் பிளாக்கின் மட்டத்தை விட மயிரிழை உயர்ந்து நிற்கவேண்டும். அடியில் படிந்த சுண்ணாம்பைச் சுத்தமாகச் சுரண்டாமல் இறக்கினால் மட்டம் பிழைக்கும், பிளாக்குக்கும் மேல் மூடிக்கும் நடுவில் வைக்கும் ஹெட் கஸ்கெட் பிடிக்காது. எனக்கு முதல்முறை அப்படித்தான் பிழைத்தது. இரண்டாம் முறை இறக்கிய பிறகும் ஒவ்வொரு காலையும் பயந்து பயந்தே ஒயில் கம்பியை இழுத்தேன்.

பெர்கின்ஸ் எஞ்சினில் இருப்பது உலர் லைனர். பிளாக்கின் இரும்புச் சுவருக்குள் இறுக்கி இறக்கியிருப்பார்கள், தண்ணீர் அதைத் தொடாது. சுண்ணாம்பு படியத்தான் செய்யும், சூடும் ஏறும். ஆனால் தண்ணீர் லைனர் வழியாக சம்புக்குள் இறங்காது. நான் மாறியதற்குக் காரணம் இது ஒன்றுதான். எஞ்சினை முழுதாகக் கழற்றி லேத் கடைக்குக் கொண்டுபோய், பழைய லைனரை அழுத்தி எடுத்து, புதியதை இறக்கி, உள்ளே அளவுக்குக் கடைந்து போரிங் செய்விப்பது செலவும் அலைச்சலுமான வேலைதான். நன்றாகச் செய்வித்தால் பல வருடத்துக்கு அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

பாகங்கள் விஷயத்திலும் மூன்று சிலிண்டருக்கே வாய்ப்பு. பின்னால் வந்த 135, 240 எல்லாம் அதே 3.152 குடும்பம். சென்னையில் சிம்சன் கம்பனி அந்த வழி எஞ்சின்களைச் செய்து டாபே டிராக்டர்களுக்குக் கொடுக்கிறது. அதனால் பிஸ்டன், ரிங், கஸ்கெட் கேட்டால் கடைக்காரர் தட்டிலிருந்து எடுத்துத் தருகிறார். பழைய துண்டைக் கொண்டுபோய் அளந்து ஒப்பிட்டு வாங்குங்கள், எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். 23சி க்கு லைனர் சீல் தேடி நான் சுன்னாகத்துக்கும் சாவகச்சேரிக்கும் நாலு நாள் அலைந்தேன்.

பெர்கின்ஸ் குறையில்லாத எஞ்சின் அல்ல. கிராங்க் என்ற எஞ்சின் சுழல்தண்டின் பின்பக்கத்தில் கயிறு சீல்தான். அது தளர்ந்தால் ஒயில் கிளச்சில் இறங்கி வழுக்கும்; அதை மாற்ற மிசினை நடுவில் பிரிக்கவேண்டும். என்னுடையதில் இப்போதே கொஞ்சம் கசிவு இருக்கிறது, காலபோகம் முடியட்டும் என்று விட்டிருக்கிறேன். மூன்று சிலிண்டர் என்னிடம் ஒரு போகம்தான் ஓடியிருக்கிறது, பத்து வருடக் கதை சொல்ல இன்னும் காலம் வரவில்லை.

வீட்டில் ஏற்கனவே நல்ல நாலு சிலிண்டர் நின்றால் விற்க ஓடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரை வடித்துவிட்டு, உள்ளே நன்றாகக் கழுவி, கூலன்ட் கலந்த மழைத்தண்ணீர் விடுங்கள். மாரியில் பிடித்த நாலு கான் போதும். புதிதாக வாங்கப் போகிறவர்கள், முதல்நாள் இரவே மிசினை அசைக்காமல் விடச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பு நீங்களே சம்ப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். முதலில் வடிவது தண்ணீரா ஒயிலா என்று பார்த்த பிறகு விலை பேசலாம்.