இருபது மாதங்களாக இந்த வலை அட்டை

மலைநாட்டுக் கொட்டகலையில் எங்கள் வீட்டு மூலையில் பழைய மேசைக் கணினி ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்ட உதவும் புரொக்ஸ்மொக்ஸ் மென்பொருளை அதில் நிறுவி, அப்படி மூன்று மெய்நிகர் இயந்திரங்களை வைத்திருக்கிறேன். ஒன்றில் குடும்பப் படங்கள், இன்னொன்றில் லினக்ஸ் இயங்குதளப் பயிற்சி. மூன்றாவதுதான் முக்கியமானது: மாலை வகுப்புக்கு வரும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான கடந்தகால வினாத்தாள்கள்.

முன்பெல்லாம் வாரத்தில் இரண்டு மூன்று நாள், விடிந்து பார்த்தால் இந்தச் சேர்வர் வலையில் இருக்காது. கணினி ஓடும், யாராலும் அதை எட்ட முடியாது. மழையையும் மின்வெட்டையும் பல மாதம் குற்றம் சொன்னேன். கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். கடைசியில் கணினியின் பதிவேட்டைப் பொறுமையாகப் படித்தபோது, தரவை அனுப்பும் வரிசை நேரம் கடந்து நின்றுவிட்டது என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருந்தது. நேரம் எப்போதும் அதிகாலை இரண்டு மணியை ஒட்டியே இருந்தது. அது காப்புப்பிரதி ஓடும் நேரம். வானத்தில் கோளாறு இல்லை. தாய்ப்பலகையோடு வந்த வலைச்சில்லு தொடர்ச்சியான பாரத்தைத் தாங்கவில்லை.

அதற்குப் பதிலாக, கணினியை வலையோடு இணைக்கும் தனி அட்டை ஒன்றை, பாவித்த இன்டெல் ஐ350 வகையில், கொழும்பிலிருந்து வரவழைத்தேன். கேபிள் செருக இரண்டு துளைகள், ஒவ்வொன்றும் நொடிக்கு 1 கிகாபிட். இந்த வகையில் போலிகள் அதிகம் புழங்குவதால், பெரிய சேர்வரிலிருந்து கழற்றியதா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் அனுப்பினேன்.

பொருத்த ஐந்து நிமிடம் போதும். தொல்லை அதற்குப் பிறகுதான் வந்தது. லினக்ஸ் வலை அட்டைக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும், தாய்ப்பலகையோடு அட்டைகளை இணைக்கும் பிசிஐ பாதையில் அது இருக்கும் இடத்தைப் பார்த்து. புதிய அட்டை நுழைந்ததும் பாதை எண்கள் நகர்ந்து, பழைய துளையின் பெயரும் மாறிவிட்டது. மெய்நிகர் இயந்திரங்கள் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும் பிரிட்ஜ், அதாவது அவற்றை வலையோடு இணைக்கும் மென்பொருள் பாலம், இல்லாத பெயரைத் தேடி நின்றது. வலை வழியாக உள்ளே போக வழியில்லை. முன்னறைத் தொலைக்காட்சியைத் தூக்கி வந்து, விசைப்பலகை செருகி, அமைப்புக் கோப்பில் அந்த ஒரு சொல்லைத் திருத்தினேன். மெய்நிகர் இயந்திரங்களுக்குள் எதையும் தொடவில்லை. அவற்றின் முகவரிகள் பழையபடியே இருந்தன. பிறகு, ஒவ்வொரு துளைக்கும் உரிய அடையாள எண்ணான மேக் முகவரியைக் கொண்டு பெயரை நிலையாகக் கட்டி வைத்தேன். இதைப் புதிய அட்டையைப் பொருத்தும் முன்பே, பழைய துளைக்குச் செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

வேகம் கூடியதா என்றால் இல்லை. பெரிய கோப்பு முன்பும் நொடிக்கு 110 மெகாபைட் அளவில்தான் போனது, இன்றும் அப்படித்தான். ஆனால் இருபது மாதத்தில் காப்புப்பிரதி ஒருநாள்கூட நடுவில் அறுந்ததில்லை. இரண்டாவது துளையைக் காப்புப்பிரதிப் பெட்டிக்கு மட்டும் நேராக ஒதுக்கியதால், அந்தப் போக்குவரத்து வீட்டு வலையில் கலப்பதும் இல்லை. இதற்காகவே இந்த அட்டை எனக்குப் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு முறை அட்டை தென்படாமல் போனது. மார்கழிப் பனிமூட்டம் நாள்கணக்கில் வீட்டுக்குள் நிற்கும் காலம் அது. கழற்றி, தங்கப்பூச்சு விளிம்பை ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, காயவிட்டுச் செருகினேன், எழுந்துவிட்டது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து துடைக்கிறேன். வெப்பத்தகடு நன்றாகவே சுடுகிறது. எங்கள் குளிருக்கு அது பொருட்டில்லை, கொழும்பில் என்றால் சிறு விசிறி வைப்பேன்.

இடிக்கு மட்டும் இந்த அட்டையும் தடுப்பு ஆகாது. இணையம் கண்ணாடி இழையில் வருகிறது, அதில் மின்சாரம் பாயாது. ஆனால் மாடி அறைக்கு ஓடும் செப்புக் கேபிளும் சுவர் மின்சாரமும் அப்படியல்ல. ஒக்டோபரில் மேகம் கறுத்ததும் மகள் ஓடிப்போய் அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கிறாள்.