சேப்பாக்கம் மேட்சுக்குத் தங்க: திருவல்லிக்கேணியா, எழும்பூரா?

சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் ஸ்டேடியத்தில் மேட்ச் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு டிக்கெட் கிடைத்த அடுத்த நிமிடமே வரும் தலைவலி, எங்கே ரூம் போடுவது என்பதுதான். நான் திருச்சியிலிருந்து வந்து போகிறவன். இரண்டு ஏரியாவிலும் தங்கிப் பார்த்தாகிவிட்டது. இப்போதெல்லாம் யோசிக்காமல் திருவல்லிக்கேணிதான்.

எழும்பூருக்கும் நியாயம் உண்டு. தெற்கிலிருந்து வரும் ரயில்களில் பெரும்பாலானவை அங்கேதான் வந்து நிற்கும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் கென்னட் லேனில் வரிசையாக லாட்ஜுகள். ஏசி, லிஃப்ட், ரூமுக்குள்ளேயே பாத்ரூம் என்று வசதியும் ஒரு படி மேல். சாப்பாட்டுக்கு இரண்டு இடத்திலும் பஞ்சமில்லை. மேட்ச் நாளில் வாடகை ஏறுவதும் இரண்டு இடத்துக்கும் பொது.

வித்தியாசமெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான். 7:30க்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகிவிடும். கேட்டைத் தாண்டினால் வாலாஜா சாலை முழுக்கத் தலைகள்தான். போலீஸ் தடுப்பு போட்டிருப்பதால் ஆப்பில் பிடித்த ஆட்டோ நாம் நிற்கிற இடத்துக்கு வராது. “அண்ணா, நீங்க மவுண்ட் ரோடு பக்கம் வந்துடுங்க” என்று போன் வரும். போய்ச் சேருவதற்குள் புக்கிங் கேன்சல் ஆகியிருக்கும். ரோட்டில் நிற்கிற ஆட்டோக்காரர் கேட்கிற தொகைக்கு இன்னொரு நாள் ரூமே போட்டுவிடலாம்.

மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள். ஸ்டேடியத்திலிருந்து அரசினர் தோட்டம் ஸ்டேஷன் சுமார் கால் மணி நேர நடை. அடுத்த ஸ்டேஷன் சென்ட்ரல். அங்கே நீல வழித்தடத்திலிருந்து பச்சைக்கு மாறினால் அதற்கடுத்தது எழும்பூர். மேப்பில் பார்த்தால் இரண்டே ஸ்டேஷன். சிஎஸ்கே ஆட்ட நாட்களில் ரயில் நேரத்தையும் நீட்டித்திருக்கிறார்கள், 2023இல் மேட்ச் டிக்கெட்டைக் காட்டியே பயணம் செய்யவும் விட்டார்கள். ஆனால் படியிறங்க ஒரு வரிசை, பிளாட்பாரத்தில் ஒரு நெரிசல், சென்ட்ரலில் மறுபடி ஏறி இறங்கி மாறுவது என்று எல்லாம் கூட்டினால் அந்த இரண்டு ஸ்டேஷனுக்கு ஆகிற நேரமே வேறு. சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் ஸ்டேடியத்தை ஒட்டியே இருந்தாலும் அது மயிலாப்பூர், வேளச்சேரி ஆட்களுக்குத்தான் லாபம்.

திருவல்லிக்கேணியில் ரூம் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். பெல்ஸ் ரோடு பக்கம் வெளியே வந்து, கூட்டம் அண்ணா சாலை (அதுதான் மவுண்ட் ரோடு) நோக்கிப் போகும்போது நாம் சந்துக்குள் திரும்பிவிடலாம். ஏப்ரல் புழுக்கத்தில் மஞ்சள் ஜெர்சி முதுகோடு ஒட்டிக் கிடக்கும். மற்றவர்கள் மெட்ரோ வரிசையில் நிற்கிற நேரத்தில் நாம் குளித்துவிட்டு, திறந்திருக்கிற கடையில் பரோட்டா சொல்லியிருப்போம். ஆட்டம் சூப்பர் ஓவருக்கே போனாலும் கடைசி ரயில் பயம் கிடையாது. டெஸ்ட் மேட்ச் என்றால் இன்னும் விசேஷம்: காலையில் ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி, அப்படியே நடந்தால் டாஸுக்கு முன்னால் சீட்டில். சாயங்காலம் மெரினா.

குறையில்லாமல் இல்லை. தனி ஆண்கள் தங்கும் பேச்சுலர் மேன்ஷன் ரூம் என்றால் ஒரு கட்டில், ஒரு ஃபேன், சட்டை மாட்ட நாலு ஆணி. பாத்ரூம் பெரும்பாலும் பொது. மாத வாடகை ஆட்களுக்கே முன்னுரிமை என்பதால் நாள் வாடகைக்கு எல்லோரும் தர மாட்டார்கள். போனில் பேசி உறுதி செய்யாமல் கிளம்ப வேண்டாம். இன்னொன்று, சில இடங்களில் ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். நான் தங்கிய ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் எழுந்து சாவியைத் தேடி எடுத்துத் திறப்பதற்குள் ஹைலைட்ஸ் முழுவதும் போனில் பார்த்து முடித்துவிட்டேன். மேட்சுக்குப் போகிறோம் என்று சாயங்காலமே சொல்லி வைத்துவிடுங்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மேன்ஷன் சரிப்படாது, ஹோட்டல்தான் பார்க்க வேண்டும். நான் எப்போதும் நண்பர்களோடு போகிறவன் என்பதால் குடும்ப ஹோட்டல்களைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் சேப்பாக்கத்துக்கு, அதையொட்டி இருக்கிற கலைவாணர் அரங்கத்துக்கு. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி கால்பந்து ஆட்டமோ கச்சேரியோ என்றால் நானும் கட்சி மாறிவிடுவேன். 2025 ஜூனியர் உலகக் கோப்பை நடந்த மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி ஸ்டேடியமும் எழும்பூரில்தான்.

மறுநாள் காலை ஆறு மணி தேஜஸ் ரயிலில் திரும்புகிறவர்கள் எழும்பூர்தான் வசதி என்பார்கள். அந்த நேரத்தில் ரோடு காலி, திருவல்லிக்கேணியிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகாது. எழும்பூர் ஸ்டேஷன் கட்டுமான வேலையால் அவ்வப்போது சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றுகிறார்கள், அதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரம் என்று போட்டிருந்தால் எழும்பூர் ரூமுக்கு இருந்த அந்த ஒரு லாபமும் போச்சு.