‘தி மூவிங் மேன்’: இடப்பெயர்ச்சி கற்க நல்ல கருவி, சுழியில் தொடங்காதவரை

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம் இலவசமாகத் தரும் கணினிச் செயல்விளக்கம் இது. நேர்கோட்டில் ஒரு மனிதர். −8 மீட்டரில் மரம், +8இல் வீடு, ±10இல் சுவர்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நேராக வரைபடங்கள் உள்ள ‘சார்ட்ஸ்’ பகுதிக்குப் போய்விடுங்கள். மனிதரைச் சுட்டியால் இழுத்தால் கையின் நடுக்கமெல்லாம் திசைவேக வரைபடத்தில் மேடுபள்ளமாக ஏறிவிடும். திசைவேகப் பெட்டியில் எண்ணைத் தட்டி ஓட்டுவதே சரி.

முதலில் சுழியிலிருந்து 2 மீ/வி. 4 வினாடியில் வீடு வந்ததும் நிறுத்தி, −4 கொடுத்து மரம்வரை ஓட விடுங்கள். அதற்கும் 4 வினாடிதான். கடந்த தொலைவு 24 மீ, இடப்பெயர்ச்சி (இறுதி நிலை − தொடக்க நிலை) −8 மீ, சராசரி வேகம் (தொலைவு ÷ நேரம்) 3 மீ/வி, சராசரி திசைவேகம் (இடப்பெயர்ச்சி ÷ நேரம்) −1 மீ/வி. இரு திசைவேகங்களையும் கூட்டி இரண்டால் வகுத்தாலும் அதே −1 வருவதால், மாணவர் அதையே சூத்திரமாகப் பிடித்துக்கொள்வார். இரு பகுதிகளுக்கும் சம நேரம் ஆனதால் மட்டுமே அது பொருந்தியது. திரும்பும்போது −8 கொடுத்துப் பாருங்கள்: 2 வினாடியில் மரம் வந்துவிடும். மொத்தம் 6 வினாடி, −8 ÷ 6 = −1.33 மீ/வி. கூட்டி வகுத்தால் −3. இந்த இரண்டு ஓட்டங்களையும் அடுத்தடுத்துச் செய்யாமல் பாடத்தை முடிக்காதீர்கள்.

கருவியின் பெரிய குறை, அது இடப்பெயர்ச்சியைக் காட்டாமல் நிலையை மட்டும் காட்டுவது. இடப்பெயர்ச்சிக்கோ சராசரி திசைவேகத்துக்கோ தனி அளவீடு கிடையாது. சுழியில் தொடங்கும்வரை நிலையும் இடப்பெயர்ச்சியும் ஒரே எண் என்பதால் குழப்பம் வெளியே தெரியாது. மரத்தடியில் தொடங்கி 4 மீ/வியில் 3 வினாடி ஓட்டினால் திரையில் +4 நிற்கும். பலர் அதையே விடையாக எழுதுவார்கள். இறுதி நிலையிலிருந்து தொடக்க நிலையைக் கழிக்க வேண்டும்: 4 − (−8) = 12 மீ.

சராசரி திசைவேகத்துக்கான கோட்டையும் அது வரைந்து தராது. திரையைப் படமெடுத்து, நிலை–நேர வரைபடத்தின் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் அளவுகோலால் இணைத்துச் சாய்வைக் கணக்கிடச் சொல்லுங்கள். கைக்கணக்கோடு ஒத்துப்போக வேண்டும்.

சரியாக 4.0 வினாடியில் நிறுத்துவது கடினம். மனிதர் 8.1 மீட்டரில் நின்றால் அந்த எண்ணையே கணக்கில் எடுங்கள். ஆனால் சுவரில் முட்டவிட்டால் மனிதர் நின்றுவிடுவார், நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், சராசரி சுருங்கிப்போகும்.

ஜாவாவில் எழுதப்பட்ட பழைய கருவி என்பதால் திறக்கச் சற்று நேரமெடுக்கும். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கணினியில் திறந்து வைத்துவிடுங்கள்.