ஸ்பிளெண்டர் பிளஸ்: மூன்றரை வருடம், 38,000 கிலோமீட்டர்

33 வயது வரைக்கும் எனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது, ஸ்கூட்டர் மட்டும்தான். நான் கால்நடைத் துறையில் இருக்கிறேன். உடுமலையில் வீடு, வேலை குடிமங்கலம் சுற்று வட்டாரத்தில். மாட்டுக்குச் சினை ஊசி போட உறைவிந்து வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் குடுவையோடு தோப்பு தோப்பாகப் போக வேண்டும். தார் ரோட்டை விட்டு இட்டேரிக்குள் (இரண்டு பக்கமும் வேலி உள்ள மண் பாதை) இறங்கினால் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழும், குடுவையும் சேர்ந்து குலுங்கும். 18 அங்குலச் சக்கரம் உள்ள வண்டி வேண்டும் என்றுதான் 2022இல் பைக் தேட ஆரம்பித்தேன்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அண்ணன் 150 சிசி எடுக்கச் சொன்னார், கூட வேலை செய்பவர் 125 போதும் என்றார். நான் கடை கடையாகப் போய் ஒவ்வொரு வண்டியிலும் உட்கார்ந்து, இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் காலாலேயே பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். என் உயரம் 5 அடி 1 அங்குலம். 150 சிசி வண்டிகள் பலவும் 140 கிலோவைத் தொடுகின்றன, சாய்ந்தால் என்னால் பிடித்து நிறுத்த முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ, சீட் உயரம் 785 மில்லிமீட்டர். எனக்கு ஒரு கால் முழுதாக ஊன்றியது, மறுகாலில் விரல்கள் பதிந்தன. அதோடு தேடலை முடித்துக்கொண்டேன். 97.2 சிசியில் 8 குதிரைத்திறன் என்பதையெல்லாம் யோசிக்கவே இல்லை, புதிதாக ஓட்டுபவர்கள் முதலில் யோசிக்கவும் வேண்டாம் என்பேன். குழியோரத்தில் நின்று வண்டியைத் திருப்பும்போது பவர் உதவாது, கால் எட்டுவதுதான் உதவும்.

லைசென்ஸ் விஷயம் ஒன்று. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கியர் வண்டிக்குத் தனியாக எல்.எல்.ஆர். போட்டு, மறுபடி எட்டு போட்டுக் காட்ட வேண்டும். இரண்டு வாரம் காலையில் காலி மைதானத்தில் பழகினேன். இந்த வண்டியில் நான்கு கியரும் முன்பக்கம் மிதித்தே போடுவது, அதனால் சீக்கிரம் பிடிபட்டது. ஆனால் 'ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே' வகை வண்டியை எடுத்தால் இன்றைக்கும் கால் தடுமாறுகிறது. பின்னால் வேறு வண்டிக்கு மாறும் எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

மைலேஜ் எல்லாரும் கேட்பது. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டதில் லிட்டருக்கு 62 முதல் 66 வரை வருகிறது, காற்று அடிக்கும் மாதங்களில் 58கூட. டேங்க் 9.8 லிட்டர், எனக்குப் பத்து நாளைக்குமேல் வரும். நியூட்ரலில் நின்றால் தானே அணைந்து, கிளட்ச் பிடித்தால் ஸ்டார்ட் ஆகும் வசதியை முதல் மாதம் பயந்து அணைத்தே வைத்திருந்தேன், இப்போது ரயில்வே கேட்டில் அதுதான் நிம்மதி.

இனி, நூறு சிசி வண்டி எதை வாங்கினாலும் தெரிந்திருக்க வேண்டியது. முதலாவது காற்று. உடுமலை-பல்லடம் ரோட்டில் ஆனி, ஆடியில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சும்மா காற்றாலைகளைச் சுற்ற வைக்கவில்லை. லேசான வண்டி பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்துவிடும், அதிலும் எதிரே வரும் லாரி கடந்த நொடியில் காற்று மறுபடி வந்து மோதும் பாருங்கள், அதுதான் ஆபத்து. முதல் ஆடியில் வண்டியை ஓரங்கட்டி நின்றபோது தோப்புக்காரர் ஒருவர், "பையப் போங்க அம்மணி, கையை இறுக்காதீங்க, இறுக்குனா வண்டியும் ஆடுமுங்க" என்றார். அது சரிதான். ஹேண்டிலைத் தளர்வாகவும் டேங்கை முட்டியால் இறுக்கியும் பிடித்து, 45க்குள் போனால் சமாளிக்கலாம்.

அடுத்தது ஓவர்டேக். 60க்கு மேல் இழுவை மெல்லத்தான் ஏறும். லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் நான் நினைப்பதைவிட இரண்டு மடங்கு காலி ரோடு தேவை, இல்லையென்றால் பின்னாலேயே போகிறேன். தினமும் நான்குவழிச் சாலையில் 40, 50 கிலோமீட்டர் போகிறவர்கள் இதை எடுக்காதீர்கள், 125 எடுங்கள். 75 முதல் 150 சிசி வரை மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஒரே கட்டணம்தான், அதில் வித்தியாசம் வராது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. வேறு 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

பிரேக் என் வண்டியில் இரண்டு பக்கமும் டிரம். நான் வாங்கியபோது 125 சிசி வரை ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுப்பது) கட்டாயமாக இல்லை, இதில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு மட்டும் உண்டு. வால்பாறைக்கு ஒருமுறை போனோம், 40 கொண்டை ஊசி வளைவு, பின்னால் வீட்டுக்காரர். ஏறும்போது முதல் கியரும் இரண்டாவதுமாகப் பொறுமையாக ஏறியது. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி பிடி குறையும்.

செலவு பெரிதாக எதுவும் இல்லை. 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், பிரேக் ஷூ, ஒரு பேட்டரி. ஒரு சர்வீஸில் செயினை வீணை நரம்பு மாதிரி முறுக்கிக் கொடுத்துவிட்டார்கள், ஒரு வாரம் பின்சக்கரத்திலிருந்து ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் ஊர் மெக்கானிக் அண்ணன் செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, விரலால் அசைத்து, எவ்வளவு தொய்வு இருக்க வேண்டும் என்று காட்டினார். இப்போது பதினைந்து நாளைக்கு ஒருமுறை நானே பார்க்கிறேன்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: துப்பட்டாவை எடுத்துவிடுங்கள், அல்லது குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். ஹெல்மெட் கடையிலேயே தலையில் போட்டு ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பின் டயரில் பட்டன் தேய்ந்துவிட்டது, மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும். அதே அளவுதான் போடப் போகிறேன், அகல டயர் போட்டால் இட்டேரி மணலில் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள், ஆனால் வண்டி இன்னும் கனமாகும், எனக்கு அது வேண்டாம்.