பிட்ஸ்பர்க் போனா ஆண்டி வார்ஹோல் மியூசியத்துக்கு அரை நாள் ஒதுக்கிடுங்க

அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு பிட்ஸ்பர்க்னாலே பென் ஹில்ஸ் பெருமாள் கோயில்தான், எங்கெங்கிருந்தோ கார் ஓட்டிட்டு வந்து சாமி கும்பிட்டு புளியோதரை சாப்பிட்டு அப்படியே திரும்பிடறாங்க. அதே ஊர்ல டவுன்டவுன் ஆத்தைத் தாண்டின உடனே சாண்டஸ்கி ஸ்ட்ரீட்ல ஓவியர் ஆண்டி வார்ஹோலுக்குன்னே ஏழு மாடியில ஒரு மியூசியம் இருக்கு. வட அமெரிக்காவுல ஒரே ஒரு ஆர்டிஸ்ட்டுக்காக இருக்கற மியூசியத்துலயே பெருசு இதுதான். விளம்பரம், சினிமா ஸ்டார், கடை சாமான்னு தினம் பாக்கறதையே ஓவியமாக்கற பாப் ஆர்ட்ல கொஞ்சம் ஆசை இருந்தாலும் போதும், கண்டிப்பா போங்க. ஆசையே இல்லாதவங்களைத்தான் நான் இன்னும் அழுத்தி கூப்பிடுவேன்.

1911ல கட்டின பழைய குடோன் பில்டிங், மில்லுக்கும் சுரங்கத்துக்கும் சாமான் வித்த கம்பெனியோடது, 1994 மே மாசம் மியூசியமா திறந்தாங்க. உள்ள போனதும் லிஃப்ட்ல நேரா ஏழாவது மாடிக்கு போயிடுங்க. அங்கதான் அவரோட சின்ன வயசு ஆரம்பிக்குது, அங்கிருந்து ஒவ்வொரு மாடியா கீழ இறங்க இறங்க வருஷமும் நகருது. அவசரத்துல கீழயிருந்து மேல போனா பாதி விஷயம் பிடிபடாது.

மேல் மாடியில நான் ரொம்ப நேரம் நின்னேன். வார்ஹோல்னா நமக்கு தெரியறது வெள்ளி கலர் விக், நியூயார்க் பார்ட்டி, சினிமா ஸ்டாருங்க. ஆனா இவர் இதே பிட்ஸ்பர்க்ல 1928ல ஒரு கூலித் தொழிலாளி வீட்ல மூணாவது பையனா பொறந்தவர், அப்பா அம்மா ரெண்டு பேரும் இன்னைக்கு ஸ்லோவாக்கியாவுல இருக்கற மிக்கோவாங்கற கிராமத்துலேருந்து பிழைக்க வந்தவங்க. சின்ன வயசுல கை கால் தானா வெட்டி இழுக்கற ஒரு நோய் வந்து படுக்கையிலயே கிடந்தப்போ அம்மா ஜூலியா கலர் அடிக்கற புக்கும் சினிமா பத்திரிகையும் வாங்கிக் குடுத்து, ஒரு பக்கம் முடிச்சா ஒரு சாக்லேட்டுன்னு பையனை உக்கார வச்சிருக்காங்க. அந்த வயசுல ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள்கிட்டேருந்து கையெழுத்து போட்டு வந்த போட்டோவை அவர் கடைசி வரைக்கும் பத்திரமா வச்சிருந்தார், இப்போ அது மியூசியத்துகிட்ட இருக்கு. அப்பா 1942ல இறந்துட்டார், ஆனா இந்தப் பையன் காலேஜ் போகணும்னு காசு சேத்து வச்சிட்டுத்தான் போயிருக்கார். இதெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறம் நடிகை மர்லின் மன்றோவை அவர் ஏன் சாமி படம் மாதிரி வரைஞ்சார்னு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கல. அவங்க குடும்பம் ஞாயித்துக்கிழமை தவறாம போன சர்ச்சுல முன்னாடி பூரா வரிசை வரிசையா புனிதர்களோட படம் இருக்கும், அதைப் பாத்துட்டே வளந்த கண்ணு அது.

அம்மாவோட கையெழுத்து அவ்வளவு அழகு! நியூயார்க்ல மகன் கூடவே போய் இருந்தாங்க, அம்பதுகள்ல அவர் விளம்பரத்துக்கு ஷூ படம் போட்டுட்டு இருந்த காலத்துல பல வேலைகள்ல எழுத்து எல்லாம் அம்மா எழுதினதுதான். அந்த ஷூ படங்களை விட்டுடாதீங்க. மை உறிஞ்சாத பேப்பர்ல கொஞ்சம் கொஞ்சமா மை தொட்டு வரைஞ்சு, ஈரம் காயறதுக்குள்ள இன்னொரு பேப்பர்ல ஒத்தி எடுப்பார், அதனால கோடு முழுசா வராம அங்கங்க விட்டு விட்டு புள்ளி புள்ளியா நிக்கும். கிட்ட போய் பாத்தா அந்த ஒத்தின இடம் கண்ணுக்கு தெரியுது. கையால வரையத் தெரிஞ்ச மனுஷன், தேடிப் போய் அச்சு மாதிரி ஒரு கோட்டைப் பிடிச்சிருக்கார்னா அந்த முடிவு அவரோடது. வரையத் தெரியாம காப்பி அடிச்சார்னு சொல்றவங்களை இந்த ஒரு சுவருக்கு முன்னாடி நிறுத்தினா போதும்.

ஆறாவது மாடி அறுபதுகள். இதுக்காகத்தான் நான் போனதே. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், 1962ல லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபெரஸ் கேலரியில வச்ச அந்த 32 கேம்ப்பெல் சூப் டப்பா ஓவிய வரிசை இங்க இல்ல, அது நியூயார்க்ல மோமாங்கற நவீன கலை மியூசியத்துல இருக்கு, அதைத் தேடி இங்க வராதீங்க. இங்க எனக்கு கிடைச்சது ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. வெள்ளி பெயிண்ட் அடிச்ச கேன்வாஸ்ல துப்பாக்கியை நீட்டிட்டு நிக்கற எல்விஸ், ஒரே போட்டோ, பதினொரு தடவை, சுவர் நீளத்துக்கு. நம்ம ஊர்ல ரிலீசுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரே போஸ்டரை பக்கத்துல பக்கத்துல வரிசையா ஒட்டிட்டு போவாங்களே, விடிஞ்சதும் தெரு பூரா ஒரே ஹீரோ முறைச்சுட்டு நிப்பாரே, அந்த வேகம் அப்படியே இதுல இருக்கு. தூரத்துலேருந்து பதினொண்ணும் ஒண்ணுதான். ஒரு அடி தூரத்துக்கு போங்க, எதுவும் இன்னொண்ணு மாதிரி இல்ல. ஒண்ணுல முகம் அடர் கருப்பு, ஒண்ணுல மை பத்தாம வெளிறிப் போயிருக்கு, ஒண்ணு பக்கத்துல இருக்கறவர் மேல ஏறி நிக்குது. போன்ல எத்தனை தடவை பெருசாக்கி பாத்தாலும் இது வராது, வெள்ளி பெயிண்ட் நாம நகர நகர வெளிச்சத்தை மாத்திக்கிட்டே இருக்கு, அது போட்டோவுல சாம்பல் கலராத்தான் விழுது.

டெக்னிக் நமக்கு புதுசே இல்ல, கல்யாணத்துக்கு குடுக்கற மஞ்சப்பையில பேர் அடிக்கறாங்களே அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். போட்டோவை மெஷ்ல ஏத்தி, மேல மையை ஊத்தி, ரப்பர் பட்டையால ஒரே இழுப்பு. மர்லின் படங்கள்ல கேன்வாஸ்ல முதல்ல கலரை கையால தீட்டி வச்சிட்டு, அது மேலதான் கருப்பு மை போட்டோவை இறக்கியிருக்கார். ரெண்டும் சரியா பொருந்தாத இடத்துல உதட்டு சிவப்பு உதட்டை விட்டு வெளிய வந்துடும், கண்ணுக்கு மேல நீலம் ஒரு பட்டையா நின்னுடும். மர்லின் இறந்தது 1962 ஆகஸ்ட்ல, அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே இந்தப் படங்களை ஆரம்பிச்சிட்டார், எடுத்துக்கிட்டது ஒரு பழைய சினிமா விளம்பர ஸ்டில். அந்த விலகி நிக்கற சிவப்பைப் பாக்கறப்போ மேக்கப் ஒரு பக்கம் மனுஷி ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கற மாதிரிதான் எனக்கு தோணுச்சு. 2022ல ஒரு வார்ஹோல் மர்லின் கிட்டத்தட்ட 195 மில்லியன் டாலருக்கு ஏலம் போனப்போ எல்லாரும் விலையைப் பத்தியே பேசினாங்க, இந்த உதட்டைப் பத்தி யாராவது பேசியிருக்கலாம்.

ஸ்கிரீன் டெஸ்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு தனியா நேரம் வைங்க. 1964லேருந்து 66 வரைக்கும் ஸ்டுடியோவுக்கு வந்தவங்களை கேமரா முன்னாடி உக்கார வச்சு, சத்தம் இல்லாம, ஒரு ரோல் தீர்ற வரைக்கும் ஷூட் பண்ணினது, மொத்தம் 472. வினாடிக்கு 24 ஃப்ரேம்ல எடுத்ததை 16ல ஓட்டறாங்க, அதனால மூச்சு விடறது கூட மெதுவா தெரியும். ஆன் புக்கனன்னு ஒரு பொண்ணு கண்ணே சிமிட்டாம பாத்துட்டே இருக்கா, கண்ணு நிறைஞ்சு தண்ணி கன்னத்துல வழியுது, முகம் அசையல, அழலை, வெறும் கண்ணு மட்டும்! அஞ்சு நிமிஷம் கூட வராது, ஆனா நகரவே முடியல.

குழந்தைங்களோட போறவங்களுக்கு சில்வர் கிளவுட்ஸ் ரூம். பெரிய தலகாணி சைஸ்ல வெள்ளி பலூன்கள், ஹீலியமும் காத்தும் கலந்து நிரப்பினது, மேலயும் போகாம கீழயும் விழாம ரூம் பூரா மிதந்துட்டு திரியும், மெதுவா தட்டி விடலாம். அவருக்கு முதல்ல ஆசை மிதக்கற பல்பு செய்யணும்னு, பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக்கூடத்து இன்ஜினியர் பில்லி க்ளூவர்கிட்ட கேட்டிருக்கார், அது அப்போ முடியல, அதுக்கு தேடின மெட்டீரியல் இப்படி மேகமாச்சு. 1966ல பண்ணினது. ஆனா மத்த சில இடங்கள்ல நிர்வாணப் படங்கள் உண்டு, பசங்களைக் கூட்டிட்டு போறவங்க முன்னாடியே தெரிஞ்சுக்கங்க.

டைம் கேப்சூல்ஸ் பத்தி சொல்லாம விட முடியாது. 1974லேருந்து வார்ஹோல் தன் மேஜை மேல சேர்ற லெட்டர், பில், பேப்பர் கட்டிங், அழைப்பிதழ் எல்லாத்தையும் ஒரு அட்டைப்பெட்டியில போட்டு ஒட்டி வச்சிடறது, இப்படி 610. ஒண்ணுல பழைய எகிப்து மம்மியோட பாதம் கூட இருந்திருக்கு! வீட்ல எதையும் தூக்கிப் போட மனசு வராதவங்களுக்கு இந்த இடம் ரொம்ப நெருக்கமா இருக்கும்.

எழுபதுகள்ல பணக்காரங்களுக்கு ஆர்டர் எடுத்து பண்ணின போர்ட்ரெய்ட்ஸ் எனக்கு அவ்வளவா ஒட்டல, கலர் நல்லா இருக்கு, அறுபதுகள்ல இருந்த அந்த பசி இல்ல. அதே காலத்துல, 1976ல பண்ணின மண்டையோடு சீரிஸ் மட்டும் பிடிச்சு இழுத்துச்சு.

பேஸ்மென்ட்ல இருக்கற ஃபேக்டரிங்கற ஒர்க்‌ஷாப் இடத்துல நாமளே ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணிப் பாக்கலாம், மேல பாத்ததெல்லாம் கையில வர்றப்போ இன்னும் நல்லா புரியும், அதனால கடைசியா அதுக்கு நேரம் மிச்சம் வைங்க. செவ்வாய்க்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதி டிக்கெட்னு ரொம்ப நாளா வச்சிருக்காங்க, கிளம்பறதுக்கு முன்னாடி சைட்ல ஒரு தடவை பாத்துக்கங்க. காரை டவுன்டவுன்லயே விட்டுட்டு ஏழாவது தெரு பாலத்துல நடந்தே வந்துடலாம், மஞ்சள் கலர் பாலம், 2005லேருந்து அதுக்கும் ஆண்டி வார்ஹோல் பாலம்னுதான் பேரு.