டர்போ இல்லாத 13பி ரோட்டரி எஞ்சினுடன் 5 பந்தயப் பருவங்கள்

கலிஃபோர்னியாவில் வார இறுதிகளில் நடக்கும் அமெச்சூர் தடப் பந்தயங்களில், 1990ஆம் ஆண்டு தயாரான மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை 5 பருவங்களாக ஓட்டி வருகிறேன். அதில் இருப்பது டர்போ இல்லாத, 2 ரோட்டர் கொண்ட 13பி எஞ்சின்; பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழலும் வகை இது. ரோட்டருக்கு 654 சிசி வீதம் மொத்தம் 1,308 சிசி. இதே 654 சிசி அளவில் 4 ரோட்டர்களைக் கொண்டு, டர்போ இல்லாமல் ஓடிய எஞ்சின்தான் 1991இல் மாஸ்டா 787பி காருக்கு லெ மான் 24 மணி நேரப் பந்தய வெற்றியைத் தேடித் தந்தது என்பது எனக்கு எப்போதும் ஊக்கமளிக்கும் செய்தி.

நான் முதலில் ஒரு பட்டறையில் கட்டுவித்தது பிரிட்ஜ் போர்ட் எஞ்சின். பக்கவாட்டு இரும்புத் தகட்டில் இருக்கும் உள்ளிழுப்புப் போர்ட்டுக்கு (காற்று உள்ளே வரும் துளைக்கு) வெளியே புருவம்போல இன்னொரு பிளவை வெட்டி, ரோட்டரின் மூலையில் கசிவைத் தடுக்கும் கார்னர் சீல் விழுந்துவிடாமல் கடந்து செல்ல இடையில் ஒரு மெல்லிய பாலத்தை விட்டுவைப்பதே இந்த முறை. போர்ட் முன்கூட்டியே திறப்பதால் அதிக சுழற்சியில் எஞ்சின் மிகத் தாராளமாக மூச்சுவிடும். ஆனால் உள்ளிழுப்பும் வெளியேற்றமும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலம் நீளுவதால், என் காரில் நிமிடத்துக்கு 6,000 சுழற்சிக்குக் கீழே இழுவை என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. தண்டர்ஹில் தடத்தின் மெதுவான வளைவுகளிலிருந்து வெளியேறும்போது, நேர்ப்பாதையில் நான் கடந்து வந்த கார்கள் அனைத்தும் மீண்டும் என்னைக் கடந்து சென்றன. அந்தப் பிளவின் வெளி விளிம்பு நீர் சீல் பதியும் பள்ளத்துக்கு மிக அருகில் செல்வது இன்னொரு ஆபத்து. பருவத்தின் முடிவில் எஞ்சினை இயக்கியதும் வெண்புகை வந்தது. குளிர்நீர் எரி அறைக்குள் கசிந்திருந்தது.

பிரித்துப் பார்த்தபோது அதைவிட வருத்தமான ஒன்று தெரியவந்தது. அந்த எஞ்சினைக் கோர்த்த பட்டறையில், ரோட்டரின் பக்கவாட்டு முகத்தில் பதியும் சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்து அமைத்திருக்கவில்லை. மாஸ்டாவின் கையேடு 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை கேட்கிறது. என் எஞ்சினில் பல இடங்களில் அது 0.3ஐத் தாண்டியிருந்தது. போர்ட்டின் வழியாக எவ்வளவு காற்றை உள்ளே கொண்டுவந்தாலும், அழுத்தும் வேளையில் அது அந்த இடைவெளிகளின் வழியே கசிந்துவிடுமானால் வெட்டிய உழைப்பு முழுவதும் வீண்தான்.

இரண்டாவது எஞ்சினை நானே கோர்த்தேன். புதிய பிளவு வெட்டாமல், இருக்கும் போர்ட்டையே சற்றுப் பெரிதாக்கும் மிதமான ஸ்ட்ரீட் போர்ட்டோடு நிறுத்திக்கொண்டு, மீதமிருந்த நேரத்தையும் பணத்தையும் சீல்களில் செலவிட்டேன். 12 சைடு சீல்களையும் அவை உட்காரும் பள்ளத்திலேயே வைத்து, நுனியைச் சிறிது சிறிதாகத் தேய்த்து 0.05க்குக் கொண்டுவர இரண்டு வார இறுதிகள் பிடித்தன. ரோட்டர் சுழலும் கூடான ரோட்டர் ஹவுசிங்கின் குரோம் பூச்சு விளிம்பில் உரிந்திருந்ததால், புதிய ஹவுசிங்குகளையே வாங்கினேன். செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போயிற்று, அதில் எனக்கு வருத்தமில்லை. (போர்ட்டைத் தொடுவதற்கு முன் உங்கள் பிரிவின் விதிகளைப் படித்துவிடுங்கள், அமெரிக்க கார் பந்தய அமைப்பான எஸ்சிசிஏவின் இம்ப்ரூவ்ட் டூரிங் பிரிவில் அதற்கு அனுமதி இல்லை.)

இந்த எஞ்சினில் ரோட்டருக்கு 3 உள்ளிழுப்புப் போர்ட்டுகள் உண்டு. அவற்றுள் துணைப் போர்ட்டைத் திறக்கும் குழல்வடிவ வால்வு, ஏர் பம்ப் தரும் அழுத்தத்தால் இயங்குகிறது. எடையைக் குறைப்பதற்காக ஏர் பம்பைக் கழற்றுபவர்கள், அந்த வால்வுகளும் அதோடு மூடியே கிடக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நான் அவற்றைத் திறந்த நிலையில் நிறுத்தி வைத்தேன். தாழ்ந்த சுழற்சியில் சிறிது இழுவை குறைந்தாலும், பந்தயத்தில் நான் அங்கே இருப்பதில்லை.

ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பது நீரல்ல, எண்ணெய். ஆகவே ஆயில் கூலரை ரேடியேட்டருக்கு இணையான முக்கியத்துவத்தோடு பார்க்க வேண்டும். கோடையில் எண்ணெயின் வெப்பம் 105 பாகை செல்சியஸைத் தாண்டினால், எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீலுக்கு எண்ணெய் ஊட்டும் பம்பை நீக்கிவிட்டு, லிட்டர் பெட்ரோலுக்கு 10 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலந்து ஊற்றுகிறேன். பெட்ரோல் செலவு, அதே வேகத்தில் ஓடும் பிஸ்டன் எஞ்சின் கார்களைவிடக் கணிசமாக அதிகம்.

சைலன்சரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புகை மிகுந்த வெப்பத்தோடு வெளியேறுவதால், சாதாரண சைலன்சரின் உட்பொதி சில மாதங்களிலேயே எரிந்துபோகிறது. லகுனா செக்காவில் ஒலி அளவுக் கட்டுப்பாடு உண்டு. மூன்றாவது பருவத்தில் அதை மீறியதற்காக ஒரு நாள் முழுவதையும் இழந்தேன். இப்போது இரண்டு சைலன்சர்களை அடுத்தடுத்துப் பொருத்தியிருக்கிறேன்.

நான்கு பருவங்கள் ஓடிய அந்த இரண்டாவது எஞ்சினைச் சென்ற மாதம் பிரித்தேன். புதிதாக இருக்கும்போது 8.0 மில்லிமீட்டர் உயரமுள்ள அபெக்ஸ் சீல்கள், இப்போது 7.4 முதல் 7.5 வரை நிற்கின்றன; கையேடு அனுமதிக்கும் எல்லை 6.5. ஹவுசிங்கின் குரோம் பூச்சு உரியவில்லை. நீர் சீல்களை மட்டும் முழுவதுமாகப் புதிதாக்கிவிட்டு, அதே போர்ட்டோடு, அதே ஹவுசிங்குகளோடு மீண்டும் கோர்த்துக்கொண்டிருக்கிறேன்.